தலைவரின் எடைக்கு ஒரு ஃபோர்க்

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், டோட்டாரா கிரீக் முகட்டுப் பாதையில், இருபத்து மூன்றாம் எண் பொறிப்பெட்டிக்குப் பக்கத்தில், ரேவின் பாஸ்கோவின் சைக்கிள் ஃபோர்க் உயிரை விட்டது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும்போது தான் அமுங்கி எழுந்து ஓட்டுகிறவளின் கையைக் காப்பாற்றுகிற அந்த இரட்டைக்கால், பெருமூச்சு ஒன்றை விட்டு, எண்ணெயைப் பாசியின் மேல் கக்கிவிட்டு, அப்படியே விறைத்துப்போனது. பதினொரு வருஷம் உழைத்த ஃபோர்க். அதைக் குறை சொல்ல ரேவினுக்கு மனம் வரவில்லை.

ரேவினுக்கு வயது ஐம்பத்தொன்று, எடை ஐம்பத்திரண்டு கிலோ. காலையில் பேக்கரியில் ரொட்டி சுடுவாள். வாரத்தில் இரண்டு மதியம் முகட்டுப் பாதையில் பத்தொன்பது கிலோமீட்டர் ஓட்டி, நாற்பத்திரண்டு பொறிப்பெட்டிகளையும் திறந்து, செத்துக்கிடக்கும் ஸ்டோட்டை வீசிவிட்டு, புது முட்டை வைத்து, பொறியை இழுத்துக் கட்டிவிட்டு வருவாள். ஸ்டோட் என்பது கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். குணத்தில் அண்ணனையும் விற்றுவிடும். வாத்து முட்டை, வாத்துக் குஞ்சு என்றால் அதற்கு உயிர். ஓடையின் மேல்பக்கம், முப்பத்தைந்தாம் பெட்டிக்குக் கீழே, ஃபியோ வாத்து ஒரு ஜோடி இருந்தது. அந்த ஓடையில் மிச்சமிருந்தது அந்த ஒரு ஜோடிதான். செப்டம்பரில் அடைகாக்கும், அக்டோபரில் குஞ்சு பொரிக்கும். அதற்குள் ரேவின் சைக்கிளில் ஏறியாக வேண்டும்.

நடந்து போகலாமே என்பீர்கள். நடந்தால் ஒரு மதியத்தில் இருபது பெட்டிதான். விறைத்த ஃபோர்க்கோடே ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம், பத்தாவது பெட்டியிலேயே விரல் மரத்துவிடும். மரத்த விரலோடு பொறியைக் கட்டினால், பொறி ஸ்டோட்டுக்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்க்காது.

கடைக்குப் போய் வேறு ஃபோர்க் மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. பணம்கூட வாத்து மானியத்தில் வந்து கிடந்தது. சைக்கிள் மட்டும் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அவளுடையதாகத்தான் இருந்தது. காப்பீடு கிடைக்க வேண்டுமானால் அறக்கட்டளையின் பேரில் சைக்கிளை எழுதிக் கொடு என்றார்கள், எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது டோட்டாரா கிரீக் மலைப்பாதை அறக்கட்டளையின் சொத்து. காட்டுக் கதவின் சாவியும் அறக்கட்டளையினுடையது. போன வருஷம் ஒருவர் அனுமதி கேட்காமல் சைக்கிளில் மணி ஒன்று மாட்டினார். மணியையும் பறித்தார்கள், சாவியையும் பறித்தார்கள். இப்போது அவர் மீன் பிடிக்கிறார்.

இதெல்லாம் தெரிந்தும், ரேவின் முதலில் ஷேனின் கடைக்குத்தான் போனாள். ஊரில் இருக்கும் ஒரே சைக்கிள் கடை. ஷேன் கைப்பிடியை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தான்.

"ஐயோ பாவம், செத்தே போச்சு. உன் எடை என்ன, அம்பதா? நூத்தி இருவது மில்லிமீட்டர் அமுங்கற காத்து ஃபோர்க் ஒண்ணு போதும். உன் எடைக்குக் காத்தடிச்சு வச்சா பஞ்சு மெத்ததான். டீ குடிச்சுட்டு வா, இருவது நிமிஷத்துல மாட்டிடறேன்."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள், ஃபோர்க்கின் இடது காலில் இருந்த பச்சை ஸ்டிக்கரை ஷேன் பார்த்துவிட்டான். 'அறக்கட்டளைச் சொத்து எண் 14, சைக்கிள்' என்றிருந்தது. சூடு பட்டவன் மாதிரி கையை எடுத்துக்கொண்டான். உள்ளே போய் ஒரு ஆரஞ்சு மேலாடையை மாட்டிக்கொண்டு வந்தான். முதுகில் 'அறக்கட்டளைத் தொழில்நுட்ப ஆலோசகர்' என்று எழுதியிருந்தது.

"திருமதி பாஸ்கோ, இந்த விஷயத்துல நான் இப்போதைக்கு எந்தக் கருத்தும் சொல்றதுக்கில்லைங்க."

"இப்பதானேடா நூத்தி இருவதுன்னே?"

"அது கடைக்காரன் சொன்னது. ஆலோசகர் இன்னும் வாயத் தொறக்கல."

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதானே?"

"அதான் சங்கடமே. கடைக்காரன் லாபத்துக்குச் சொல்லுவான். அவன்கூட நான் பேசவே கூடாதுன்னு விதி இருக்கு."

ஆக, ரேவின் விண்ணப்பம் போட்டாள். படிவத்தின் முதல் கேள்வியே 'நீங்கள் எவ்வகை ஓட்டுநர்?' என்பது. நான்கு கட்டங்கள்: ஏறுபவர், ஏறி இறங்குபவர், இறங்குபவர், பறப்பவர். ரேவின் யோசித்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு இடத்தில் நிற்கிறவள் இதில் யார்? ஐந்தாவதாகத் தானே ஒரு கட்டம் போட்டு, 'நின்று நின்று போகிறவள்' என்று எழுதினாள். படிவம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அப்படி ஒரு வகை இல்லையாம். கோத்திரம் தெரியாத வரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்கிற கறாரோடு அவளை 'ஏறி இறங்குபவர், தற்காலிகம்' என்று அவர்களே சேர்த்துக்கொண்டு, அவசரக் கூட்டம் கூட்டினார்கள். அவசரம் என்பதால் மூன்றே வாரத்தில் கூட்டம் நடந்தது.

அறக்கட்டளையின் தலைவர் நெவில் டன்ஸ்ஃபோர்டு. நகரசபையில் முப்பத்தொரு வருஷம் 'மெதுவாகச் செல்லவும்' பலகை நட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். அந்தப் பலகையை மட்டும் மனத்திலிருந்து பிடுங்காமலே வந்துவிட்டார். ரேவினும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. தெருவில் பார்த்தால் "என்ன ரே, ரொட்டி மிச்சமிருக்கா?" என்பார். கூட்டத்தில் அவருக்கு அவள் திருமதி பாஸ்கோ.

பழைய சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் கூட்டம். முதலில் நிலநடுக்கம் வந்தால் எந்த மேசைக்கடியில் யார் புகுவது என்று அரை மணி நேரம் விளக்கினார்கள். பிறகு தேநீர் சூடாக இருக்கும் என்று எச்சரித்தார்கள். பிறகு, வர இயலாதவர்களின் வருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வந்தவர்களின் வருத்தத்தை என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை.

எந்த ஃபோர்க் என்பதுதான் ஒரே கேள்வி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. கமிட்டிக்காரருக்குத் தன் ஃபோர்க். நூற்றைம்பது மில்லிமீட்டர் வைத்திருந்தவர்கள் நூற்றைம்பதே தர்மம் என்றார்கள். நூற்றறுபது வைத்திருந்தவர்கள், நூற்றைம்பதெல்லாம் பூங்காவில் ஓட்டுவதற்கு என்று சிரித்தார்கள். ஒருவர் எழுந்து, தன் ஃபோர்க்கோடு தனக்கு இருக்கும் உறவைப் பற்றிப் பேசிக் கண்கலங்கினார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

நெவில் எழுந்தார். சபை அடங்கியது.

"நண்பர்களே, ஃபோர்க்குங்கிறது கடையில வாங்கற சாமான் இல்ல. அது நம்ம பாதை மேல நமக்கு இருக்கற மரியாதை. முகட்டுப் பாதையை நாம கறுப்பு வகைன்னு அறிவிச்சிருக்கோம். கறுப்புன்னா ரொம்பக் கஷ்டமானதுன்னு அர்த்தம். அது கஷ்டமா இல்லையாங்கறது வேற விஷயம். ஏன் கறுப்புன்னு போட்டோம்? கறுப்புன்னு போட்டாத்தான் வெளியூர்க்காரன் வருவான். கறுப்புப் பாதைக்கு நூத்தி அறுபதுக்குக் கீழ ஃபோர்க் கூடாதுங்கறது விதி. நான் விதிக்கு அடிமை. அந்த விதிய எழுதினவனும் நான்தான். அதனால நான் ரெண்டு மடங்கு அடிமை."

கைதட்டினார்கள்.

ரேவின் எழுந்தாள். "நெவில், நான் அதுல மாட்டு வேகத்துலதான் போறேன். எனக்குக் கைதான் மரத்துப்போகுது. எதையாவது சீக்கிரம் மாட்டிக் குடுங்க. வாத்து முட்ட போட்டாச்சு."

செயலாளர் பெவ் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை; தாளில் இல்லாதது அவள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். "வாத்து நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்மா," என்றாள்.

நூற்றறுபது என்று தீர்மானமாயிற்று.

ஃபோர்க் வந்து சேர்ந்து, பழையதை ஷேன் கழற்றி அறக்கட்டளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, புதியதை மாட்டியபோது அக்டோபர் முதல் சனிக்கிழமை. காட்டு வாசலில் வண்டிகள் நிறுத்தும் திடலில் விழா. ஒரு பக்கம் வெங்காயமும் சாசேஜும் வறுபட்டுக்கொண்டிருந்தன. இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி: காற்றடிப்பது. ஓட்டுகிறவர் தலைக்கவசம், பை, தண்ணீர் சகிதம் ஏறி உட்கார வேண்டும். அந்த எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்பதை, அதன் காலில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் வளையம் நகர்ந்து காட்டும். முழு நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்தால் சரியான காற்று. ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம்.

ரேவின் பையை மாட்டிக்கொண்டு காலைத் தூக்கினாள்.

"நில்லுங்க," என்றாள் பெவ். "விதி முப்பத்தொண்ணு. 'அளவெடுக்கும்போது சைக்கிளின் உரிமையாளர் முழு உடையில் அமர்ந்திருக்க வேண்டும்.' உரிமையாளர் நீங்க இல்லையேம்மா. அறக்கட்டளை."

"அறக்கட்டளை எப்படிம்மா சைக்கிள்ல உக்காரும்?"

எல்லோரும் நெவிலைப் பார்த்தார்கள். நெவில் தன்னடக்கத்தோடு தரையைப் பார்த்தார். அவர் நூற்றுப் பதினொரு கிலோ. முழங்கால் கவசம், முதுகுக் கவசம், மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு சாசேஜ் ரொட்டி எல்லாம் சேர்த்து நூற்றுப் பத்தொன்பது. குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது: 'தலைவரை சைக்கிளில் ஏற்றுவது என்று முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ஒருமனதாக ஏற்றப்பட்டார்.' மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். ஷேன் ஆரஞ்சு மேலாடையில் பம்பு அடித்தான், அடித்தான், வேர்த்துக்கொட்ட அடித்தான். வளையம் சரியான கோட்டில் வந்து நின்றது. காற்றுமூடியின் மேல் அறக்கட்டளை முத்திரையை ஒட்டினார்கள். இறக்குவதற்குத் தீர்மானம் போட மறந்துபோனதால், தலைவர் இன்னொரு பத்து நிமிஷம் மேலேயே இருந்தார்.

"ஓட்டப்போறது நான்தானே நெவில்?" என்றாள் ரேவின்.

"ஓட்டறது நீங்க. ஆனா சொத்து எங்களது. வாடக வீட்டுக்குக் கதவ யார் உயரத்துக்கு வைப்பாங்க?"

"குடியிருக்கறவன் உயரத்துக்கு."

"இந்த வேகம்தான் உங்ககிட்ட கோளாறு," என்றார் நெவில் மேலேயிருந்து. "பொறுமை வேணும்."

மறுநாளே ரேவின் முகட்டுக்குப் போனாள். நூற்றுப் பத்தொன்பது கிலோவுக்கு அடித்த காற்று ஐம்பத்திரண்டு கிலோவை மதிக்குமா? ஃபோர்க் கடப்பாரை மாதிரி நின்றது. செத்த ஃபோர்க்காவது எப்போதாவது முனகும். இது அதுகூட இல்லை. முப்பதாம் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளால் கையுறையைக்கூடக் கழற்ற முடியவில்லை, பல்லால் இழுத்தாள். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு முப்பத்தைந்துவரை நடந்தாள். கீழே வெள்ளத்தில் நீலச்சாம்பல் நிறத்தில் தாய் வாத்து. அதன் பின்னால், நுரையில் ஏறி ஏறி விழுந்துகொண்டு, ஐந்து குஞ்சுகள். ரேவின் இரண்டு தரம் எண்ணினாள். சந்தோஷத்தில் வாய்விட்டே சிரித்தாள். முப்பத்தாறாம் பெட்டியில் பழைய முட்டை கறுத்துக் கிடந்தது. பொறியைக் கட்ட மூன்று தடவை முயன்றாள். விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போனபோது குஞ்சு நான்கு. கரைக் கல்லில் ஸ்டோட்டின் எச்சம் காயாமல் இருந்தது. ரேவின் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. முத்திரையைப் பிய்த்து எறிந்தால் என்ன என்று விரல் அதன் மேல் போயிற்று. மீன் பிடிக்கிறவர் ஞாபகம் வந்தது. சாவி போனால் மற்ற நாலுக்கும் யார் இருக்கிறார்கள்? விரலை எடுத்துக்கொண்டாள்.

புகார் எழுதினாள். மறு ஆய்வுக் கூட்டம் கூடியது. மேசை மேல் வெள்ளைத்துணி விரித்து, அதன் மேல் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். ஷேன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிந்து வளையத்தைப் பார்த்தான்.

"மூணு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு. அதுவும் நான் தொடைச்சப்ப நகர்ந்ததா இருக்கலாம்."

"ரெண்டு தடவ ஓட்டியும் மூணு மில்லிமீட்டர்!" நெவில் துள்ளி எழுந்தார். "நண்பர்களே, இதுக்கு என்ன அர்த்தம்? குலுக்கல் இருந்தா ஃபோர்க் அமுங்கும். ஃபோர்க் அமுங்கல. அப்ப பாதையில குலுக்கல் இல்ல! பத்து வருஷமா மேடு பள்ளம்னு புகார் சொல்லிட்டிருந்தாங்களே, எவனாவது நிரூபிச்சானா? இன்னிக்கு நாம அறிவியல்பூர்வமா நிரூபிச்சிருக்கோம்!"

"என் கையப் பாரு நெவில்," என்று ரேவின் இரண்டு கையையும் நீட்டினாள். விரல்கள் வீங்கியிருந்தன. "இது மரத்துப்போனது எதனால?"

பெவ் பரிவோடுதான் சொன்னாள்: "கையில வளையம் இல்லையேம்மா. எத வச்சு அளக்கறது?"

நவம்பரில் நடக்கவிருந்த பாதைச் செப்பனிடும் பணி ரத்து செய்யப்பட்டது. இல்லாத பள்ளத்தை எப்படி மூடுவது? 'தீவிலேயே மிக வழவழப்பான கறுப்புப் பாதை' என்று துண்டறிக்கை அச்சுக்குப் போயிற்று. முதல் வாரத்தில் வந்த வெளியூர்க்காரர்களில் இரண்டு பேருக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஓட்டத் தெரியாதவர்கள் என்று குறிப்பேட்டில் எழுதினார்கள்.

அக்டோபர் கடைசியில் ரேவின் ஒரு முடிவுக்கு வந்தாள். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. பொறி வைக்க முடியாத பொறிக்காரி எதற்கு? கையில் தெம்புள்ள வேறு யாராவது வரட்டும், வாத்தாவது பிழைக்கட்டும். பதினொரு வருஷத்துச் சாவி. மன்றத்துக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டுக் கனத்த மனத்தோடு உள்ளே போனாள்.

உள்ளே வருடாந்திரச் சொத்துக் கணக்கெடுப்பு. பெவ் பட்டியலைப் படிக்க, நெவில் அலமாரிக்குள் தலையைவிட்டு ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டிருந்தார்.

"சொத்து எண் பன்னெண்டு, மண்வெட்டி."

"இருக்கு."

"பதிமூணு, மணி ஒண்ணு. பறிமுதல் செஞ்சது."

"இருக்கு."

"பதினாலு, சைக்கிள்."

நெவில் கீழ்த்தட்டில் குனிந்தார். பழைய செத்த ஃபோர்க், சாக்கில் சுற்றிப் படுத்திருந்தது. இடது காலில் பச்சை ஸ்டிக்கர். நெவில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார்.

"பதினாலு. இருக்கு. நல்ல நிலை."

பெவ் பட்டியலில் டிக் அடித்தாள். ரேவின் சாவியை நீட்டப் போன கையை அப்படியே நிறுத்தினாள். பதினொரு வருஷம் ஸ்டோட்டோடு பழகியவள். பொறிக்கதவு எப்போது திறந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"நெவில்," என்றாள் மெதுவாக, "அப்ப வெளில ஒரு சைக்கிள் நிக்குதே, அது யாரோடது?"

நெவில் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். "ஸ்டிக்கர் இல்லையே. எங்களோடது இல்ல."

"அதுல இருக்கற புது ஃபோர்க்?"

"ஃபோர்க் உதிரிபாகம். உதிரிபாகத்த நாங்க எண்ணறதில்ல."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

நெவிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "திருமதி பாஸ்கோ, எங்க சொத்து எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? பதினாலு அலமாரியில இருக்கு. இப்பதான் என் கண்ணால பார்த்தேன்."

"எழுதிக் குடுங்களேன்."

எழுதிக் கொடுக்கச் சொன்னால் அறக்கட்டளைக்கு எப்போதுமே சந்தோஷம். பெவ் தலைப்புத்தாளில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'மன்றத்துச் சன்னலுக்கு வெளியே நிற்கும் சைக்கிள் அறக்கட்டளையின் சொத்து அல்ல என இதனால் சான்றளிக்கப்படுகிறது.' நெவில் கையெழுத்திட்டார். முத்திரை குத்தினார். ரேவின் தாளை வாங்கி, சாவியோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஷேன் அவளைப் பார்த்ததும் ஆரஞ்சு மேலாடையை எடுக்க உள்ளே ஓடினான். அவள் தாளை நீட்டினாள். படித்தான். இரண்டாம் தரம் படித்தான். மேலாடையை ஆணியில் மாட்டினான்.

"டீ குடிச்சுட்டு வா ரே, இருவது நிமிஷம்."

"டீயெல்லாம் வேணாம். நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

முத்திரையை அவளே கிழித்தாள். ஷேன் மூடியைத் திருகி ஊசியை அழுத்தினான். தலைவர் வெளியேறினார், புஸ்ஸென்று, நீளமாக. பாதிக்கு மேல் காற்று போன பிறகு அவள் ஏறி உட்கார்ந்தாள். ஃபோர்க் பணிவாக அமுங்கியது. வளையம் நகர்ந்து, கோட்டில் வந்து நின்றது.

"இருவது நிமிஷம்கூட ஆகல," என்றான் ஷேன், கொஞ்சம் வெட்கத்தோடு. "நாலு நிமிஷம்தான்."

அன்று மதியமே ரேவின் நாற்பத்திரண்டு பெட்டியையும் கட்டினாள். மூன்றாம் நாள் முப்பத்தாறாம் பெட்டியில் பெரிய ஆண் ஸ்டோட் ஒன்று கிடந்தது. அதை வீசும்போது அவள் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

டிசம்பரில் நான்கு குஞ்சுகளுக்கும் சிறகு முளைத்தது. அறக்கட்டளையின் ஆண்டறிக்கையின் அட்டையில் நெவிலின் படம். கையில் பழைய ஃபோர்க். கீழே, 'சரியான ஃபோர்க், சரியான நேரத்தில்: ஃபியோ குஞ்சுகள் நான்கு, பிழைத்தவை நான்கு. நூறு விழுக்காடு வெற்றி.' அச்சுக்குப் போகுமுன் ரொட்டிக்கடைக்கே கொண்டுவந்து, சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னாள் பெவ். ரேவின் மாவுக் கையோடு பென்சிலை எடுத்து, முதல் நான்கை அடித்து 'ஐந்து' என்று எழுதினாள்.

"அஞ்சாவது எங்கம்மா?" என்றாள் பெவ்.

"நீங்க தலைவரை சைக்கிள்ல ஏத்தி உக்காத்தி வச்சிருந்தீங்களே, அந்த வாரம் போச்சு."

பெவ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அது எந்தக் குறிப்புலயும் இல்லையேம்மா," என்று சொல்லி, கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்துப் பதமாக, தாள் கசங்காமல் அழித்தாள். அழித்துவிட்டு, சரிபார்த்ததற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள்.

ரேவின் கையைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை பேனாவை எடுத்தாள்.